தாடை உயர்ந்த படம்

என்னிடம் ஒரு சின்னச் சிக்கல் இருந்தது, சார். அதிலிருந்து ஆரம்பித்தால்தான் உங்களுக்கும் எளிது.

ஒரே அறை. ஒரே நாற்காலி. ஒரே கேமராவில், ஒரே சுருளில், அடுத்தடுத்து எடுத்த இரண்டு படங்கள். உட்கார்ந்திருந்தவரும் ஒருவரே, ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வுபெற்ற பெஞ்சோ அண்ணன். முதல் படத்தை நான் எடுத்தேன். இரண்டாவதை என் மனைவி ருமியானா எடுத்தாள். நடுவில் ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, ஜன்னல் வெளிச்சமும் மாறவில்லை. கழுவிப் பார்த்தால் என் படத்தில் ஒரு மூக்கு, இரண்டு காதுகள், ஒரு மீசை இருந்தன. அவள் படத்தில் பெஞ்சோ அண்ணன் இருந்தார்.

இது ஏன் என்று பதினோரு ஆண்டுகள் எனக்கு விளங்கவில்லை.

வழக்குக் கோப்பை நீங்கள் மே மாதமே மூடிவிட்டீர்கள் என்பது தெரியும். என்னை யாரும் கூப்பிடவில்லை, நானாகத்தான் வந்தேன். குடித்திருக்கவில்லை. நன்றாகத் தூங்குகிறேன். உங்கள் அறிக்கையில் ஒரு வரி தவறாக இருக்கிறது, அதைத் திருத்த வேண்டும், அவ்வளவுதான். 'டைமரை வைத்துவிட்டுப் பின்பக்கமாக நடந்தபோது கால் தவறி' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரி. அது ஏன் தவறு என்று புரிய, கேமரா எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். பொறுமையாகக் கேளுங்கள். கேட்கச் சுவையான விஷயம்தான்.

எங்கள் கேமரா பெட்டி போல இருக்கும். முன்னால் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு லென்ஸ். கீழே இருப்பது படம் பிடிப்பது, மேலே இருப்பது நாம் பார்ப்பதற்கு. உள்ளே சாய்வாக ஒரு கண்ணாடி, உருவத்தை மேல்நோக்கித் திருப்பி விடும். பெட்டியின் உச்சியில் ஒரு தேய்த்த கண்ணாடித் தகடு. எடுப்பவன் குனிந்து அதைப் பார்ப்பான். எதிரில் இருப்பவர் அதில் இடம் வலமாகத் தெரிவார். முதல் தடவை பார்ப்பவர்களுக்குத் தலை சுற்றும், பழகிவிட்டால் அதைப் போல அழகான காட்சி வேறில்லை. உள்ளங்கை அளவு சதுரத்தில் ஒரு முழு மனிதர், தன்பாட்டில் மூச்சு விட்டுக்கொண்டு.

நல்ல முகப் படத்துக்கு என்னென்ன தேவையோ அத்தனையும் எனக்குத் தெரியும். வடக்கு ஜன்னலின் வெளிச்சம், அதற்கு எதிர்ப்பக்கம் நிழலை மெதுவாக்க ஒரு வெள்ளைத் துணி. லென்ஸ் கண் உயரத்தில், அதற்கு இரண்டு விரல் கீழே இருந்தாலும் பரவாயில்லை. நமக்கு அருகில் இருக்கும் கண்ணில் ஃபோகஸ். கருவிழியில் ஜன்னல் ஒரு வெள்ளைப் புள்ளியாக விழ வேண்டும், அந்தப் புள்ளி இல்லாத கண் குருட்டுக் கண். தாடையை லேசாக இறக்கச் சொல்ல வேண்டும், தூக்கினால் மூக்குத் துவாரம் தெரியும். மூச்சை முழுவதும் வெளியே விட்டு, அடுத்த மூச்சு வருவதற்கு முன் இருக்கும் அந்தச் சின்ன இடைவெளியில் அழுத்த வேண்டும்.

இவை எல்லாவற்றையும் ருமியானாவுக்குக் கற்றுக்கொடுத்தவன் நான். நெகடிவில் புள்ளி அழிக்கும் வேலைக்குத்தான் அவள் ஸ்டுடியோவுக்கு வந்தாள். கல்யாணத்துக்குப் பிறகு, நான் வெளியூர்க் கல்யாணங்களுக்குப் போகும் நாட்களில் வருபவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டாமே என்று எடுக்க ஆரம்பித்தாள்.

வித்தியாசத்தை முறையாகத் தேடினேன். தரையில் சாக்கட்டியால் அடையாளம் போட்டேன், நாற்காலிக்கு நான்கு, கேமரா ஸ்டாண்டுக்கு மூன்று. அளவு நாடா வைத்தேன். அவள் எடுக்கும் நேரத்தைக் குறித்தேன், மேகத்தைக் குறித்தேன். அவள் கேமராவில் கேபிள் மாட்டி எடுப்பாள். பொத்தானில் திருகிக்கொள்ளும் நீளமான கம்பிதான், முனையை அழுத்தினால் போதும், கேமரா அதிராது. நானும் கேபிள் மாட்டினேன். ஒன்றும் மாறவில்லை. அவள் எடுக்கும்போது கதவைச் சாத்திக்கொள்வாள். "நீ நின்னா அவங்க உன்னையேதான் பாப்பாங்க. போய் உன் இருட்டறையில இரு" என்பாள். எனக்கும் உள்ளே வேலை இருந்தது.

ஒரு நாள் இருபத்துநான்கு படங்களை, பாதி என்னுடையது பாதி அவளுடையது, பின்பக்கம் எண் மட்டும் போட்டுக் கலைத்து, எதிர் பேக்கரி கினாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கினாவுக்குப் படத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு, சீட்டுப் போடுகிற மாதிரி பிரித்துப் போட்டாள்.

"இது ருமியானா. இதுவும் ருமியானா. இது நீ. இது நீ. இது... ஐயோ, இது நீயேதான்."

"எப்படிக் கண்டுபிடிக்கிற?"

"இதுக்கு என்ன படிப்பா வேணும்? இந்தா பாரு, இதுல பெஞ்சோ அண்ணன் என்கிட்ட இன்னொரு துண்டு சீஸ் பனித்சா கேக்கப் போறாரு. நீ எடுத்ததுல பஸ்ஸுக்கு நிக்கிறாரு."

இருபத்துநான்கும் சரி. ஒன்றுகூடத் தப்பவில்லை. இந்த இருபத்துநான்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நான் பொறாமைப்பட்டேன் என்று நீங்கள் எழுதக் கூடாது. எனக்கு அந்தக் குணம் கிடையாது. பொறாமைப்படுபவன் அடுத்தவனிடம் இருப்பதைப் பறிக்க நினைப்பான். எனக்கு அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் போதும் என்றிருந்தது. அவளுக்கு வேறு ஆள் யாராவது இருந்தார்களா என்று அப்போது நீங்கள் சுற்றி வளைத்துக் கேட்டீர்கள். யாரும் இல்லை. இருந்திருந்தால் ஒரே ஆளோடு போயிருக்கும். அவளை நம்பி முகத்தைத் திறந்து காட்டியது இந்த ஊர் முழுவதும்.

இந்த ஊரில் ஒருவர் செத்தால் அஞ்சலி நோட்டீஸ் எங்கெங்கே ஒட்டுவோம் என்று உங்களுக்கே தெரியும். வீட்டு வாசல், தேவாலயக் கதவு, பஸ் நிறுத்தம், கடைவீதி மரம். பிறகு நாற்பதாம் நாளுக்கு ஒன்று, ஆறாம் மாதத்துக்கு ஒன்று, வருடத்துக்கு ஒன்று. ஐம்பது தாண்டியவர்கள் ஸ்டுடியோவுக்கு வந்து, "நோட்டீஸுக்கு ஆகுற மாதிரி ஒண்ணு எடுத்து வை" என்று வெட்கமில்லாமல் கேட்பார்கள். ஆகவே நம் பொத்ஸ்காலா ஊரில் முகப் படம் என்பது ஆல்பத்தில் தூங்குவது அல்ல. சுவரில் நிற்பது. மழையில் நனைந்துகொண்டு, போகிறவர் வருகிறவர் எல்லோரையும் பார்ப்பது.

பெஞ்சோ அண்ணன் இறந்தார். ஆறாம் மாத நோட்டீஸுக்கு அவர் மகன் நான் எடுத்த படத்தைத் தேர்ந்தெடுத்தான். அதில் கோட்டு நன்றாக விழுந்திருந்தது என்றான். பஸ் நிறுத்தத்தில் அது ஒட்டியிருந்தது. அதற்குப் பக்கத்திலேயே பால்கார இவாவின் நோட்டீஸ். இவாவை ருமியானா எடுத்திருந்தாள். நான் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். பெஞ்சோ அண்ணனின் மனைவி ஸ்தானா அக்கா ரொட்டிப் பையோடு வந்தார். இவா முன் நின்றார்.

"என்னடி இவா, அங்க குளிரா? இங்க உன் மருமக ஆட்டையெல்லாம் வித்துட்டா, தெரியுமா?"

பேசிக்கொண்டே நோட்டீஸின் மடிந்த மூலையை விரலால் நீவிவிட்டார். பிறகு பக்கத்து நோட்டீஸின் மேல் கண்ணை ஓட்டிவிட்டு நடந்தார். நான்கு எட்டு போனவர் திரும்பி வந்து, கண்ணாடியை மாட்டி, பெயரைப் படித்தார். அப்போதுதான் என்னைப் பார்த்தார்.

"மின்கோ, இது யாருப்பா? பேரு மட்டும் எங்க வீட்டுக்காரர் பேரா இருக்கு."

பஸ் நிறுத்தத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. "வருஷத்துக்காவது ருமியானா எடுத்ததப் போடச் சொல்றேன்" என்றார். நாற்பத்தாறு வருடம் ஒரே மேசையில் சாப்பிட்ட மனிதரை அவர் தாண்டிப் போய்விட்டார். அது எப்படிச் சாத்தியம் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். பஸ் வந்து போய்விட்டது.

அதன் பிறகு இருட்டறைக் கதவில் ஒரு சின்ன இடுக்கு வைத்தேன்.

அவள் செய்தது மிக எளிதானது. தபால் நிலைய லியூபென் வந்திருந்தான். அவனை நாற்காலியில் உட்கார வைக்கவில்லை. தான் போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். அவனைக் கேமராவின் பின்னால் நிறுத்தினாள்.

"குனிஞ்சு பாரு லியூபென். நான் இடம் வலமா தெரிவேன், பயந்துடாதே. மூக்கு கோணலா தெரியுதா?"

"கொஞ்சம் கோணலாத்தான்..."

"அது கண்ணாடியோட தப்பு இல்ல. நிஜமாவே கோணல். எட்டு வயசுல ஏணியிலேருந்து விழுந்தேன். இன்னும் என்ன தெரியுது, சொல்லு. களைப்பா இருக்கேனா?"

"ஆமா அக்கா. களைப்பாத்தான் இருக்க."

"சரி, பாத்துக்கிட்ட. இப்ப நீ வா, நான் பாக்குறேன்."

இடம் மாறிக்கொண்டார்கள். லென்ஸில் முடிச்சுப் போட்ட ஒரு நூல் கட்டியிருந்தாள். அதை அவன் கண் வரை இழுத்துத் தூரத்தைப் பார்த்து, ஃபோகஸை வைத்துவிட்டாள். அதன் பிறகு அந்தக் கண்ணாடித் தகட்டைப் பார்க்கவே இல்லை. கேபிளைக் கையில் பிடித்துக்கொண்டு கேமராவுக்குப் பக்கத்தில் நின்றாள். பேசவும் இல்லை. லியூபெனின் முகம் மெதுவாக, ஊறப்போட்ட தோல் போல, இளகியது. 'க்ளிக்' என்று ஒரு சத்தம்.

எல்லாவற்றையும் நோட்டில் எழுதினேன். அடுத்த வாரமே செய்து பார்த்தேன். நான் நாற்காலியில் உட்கார்ந்தேன், கணக்குப் பிள்ளை ஒருவர் குனிந்து என்னைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். நிமிர்ந்து, "சரி மாஸ்டர், போதும்" என்றார். பிறகு அவர் உட்கார்ந்தபோது முகம் முன்பைவிட இறுகிவிட்டது. என் வாழ்நாளில் எடுத்ததிலேயே மோசமான படம் அது.

அன்று சாப்பிடும்போது ருமியானாவிடம் நேராகவே கேட்டேன். என்ன செய்கிறாய், ஏன் எனக்கு வரவில்லை என்று. அவள் ஒரு பதில் சொன்னாள். மூன்று சிறிய வாக்கியங்கள். அதில் அளக்கக்கூடியது எதுவும் இல்லை, ஆகவே நான் நோட்டில் எழுதவில்லை.

மார்ச்சில் எனக்கு ஐம்பது வயது ஆனது. பரிசு என்று என்னைப் படம் எடுத்தாள். எப்போது அழுத்தினாள் என்றே எனக்குத் தெரியாது. பெரிதாகப் போட்டு, சட்டம் மாட்டி, ஸ்டுடியோவின் முன் கண்ணாடியில் வைத்தாள். கூட்டம் கூடியது. "அட, மின்கோ அப்படியே இருக்கான்!" என்றார்கள். கினா கடையிலிருந்து எட்டிப் பார்த்து, "கதவுல காது வெச்சுக் கேக்குற மாதிரியே இருக்கியே, மின்கோ" என்றாள். ஒரு வாரம் அது அங்கே இருந்தது. அந்தப் படத்தில் இருந்தவன் அடுத்தவர் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறவன். உதடு ஒரு பக்கம் இழுத்திருந்தது. தொழில்நுட்பத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அது நான் அல்ல. படம் எடுப்பவர் தவறு செய்ததை ஊர் முழுவதும் சரி என்று சொல்லுமானால் அதை யாராவது நிறுத்த வேண்டும் என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

இனி கழுகுப் பாறை.

பதினெட்டு வருடமாக மணமக்களை அங்கே கூட்டிப்போய்த்தான் எடுக்கிறேன். பாறையில் ஒரு பழைய இரும்பு வளையம் பதிந்திருக்கிறது. யாரையும் அதைத் தாண்ட விடமாட்டேன். வளையத்திலிருந்து விளிம்பு நான்கு எட்டு. கீழே ஆறு. இதில் ஒரு விஷயம் கவனித்திருக்கிறேன். படத்துக்கு நிற்பவர்கள் தங்கள் முதுகை நம்மிடம் கொடுத்துவிடுகிறார்கள். 'கொஞ்சம் பின்னால்' என்றால் பின்னால் போவார்கள், 'இன்னும் கொஞ்சம்' என்றால் இன்னும். எத்தனையோ மணமக்களை நகர்த்தியிருக்கிறேன், ஒருவர்கூடத் திரும்பிப் பார்த்ததில்லை. அவர்கள் கண் கேமராவில் இருக்கும். பின்னால் இருப்பதை எடுப்பவன் பார்த்துக்கொள்வான் என்று விட்டுவிடுவார்கள். எனக்கு அது எப்போதும் வியப்பாகவே இருக்கும்.

மே மாதம் அவளிடம் சொன்னேன், ஊரில் எல்லோருக்கும் நல்ல படம் இருக்கிறது, உனக்குத்தான் இல்லை, வா எடுக்கிறேன் என்று. உண்மையும் அதுதான். அவளை எடுக்க யாரும் இருக்கவில்லை.

"எதுக்கு? நோட்டீஸுக்கா?" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே நீல ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டாள். கினாவிடம் பனித்சா வாங்கிப் பையில் வைத்தாள். காலை பத்து மணி. மெல்லிய மேகம், நிழல் விழாத வெளிச்சம். முகத்துக்கு அதைவிட நல்ல வெளிச்சம் கிடையாது.

உங்களிடம் அப்போது சொன்னது: நான் ஊற்றில் தண்ணீர் பிடிக்கப் போனேன், திரும்பி வந்தபோது கேமரா மட்டும் ஸ்டாண்டில் நின்றது, டைமரை வைத்துத் தன்னைத் தானே எடுக்க முயன்றிருப்பாள். நீங்கள் அப்படியே எழுதிக்கொண்டீர்கள். தவறு உங்களுடையது அல்ல. சுருளைக் கழுவவும் என்னிடமே கொடுத்தீர்கள், இந்த நிலையத்தின் படங்களையெல்லாம் நான்தானே கழுவுகிறேன். ஆறாவது படத்தை, மார்பு வரை மட்டும் வெட்டிப் போட்டுத் தந்தேன்.

நோட்டீஸுக்கும் அதைத்தான் வைத்தேன்.

நான் எதிர்பார்க்காதது அதன் பிறகு நடந்தது. மக்கள் நின்றார்கள், சார். பஸ் நிறுத்தத்தில், மரத்தடியில், எங்கள் வாசலில். ஸ்தானா அக்கா அதன் முன் நின்று பத்து நிமிடம் பேசினார். நாற்பதாம் நாள், சர்க்கரை தூவிய கோதுமையைக் கிண்ணத்தில் வாங்கிக்கொண்டு, சாப்பிடாமல் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கண்ணைப் பார்த்தால் திரும்பி நம்மைப் பார்க்கும். தாடை லேசாக உயர்ந்திருக்கும். "என்ன கம்பீரம்" என்றான் லியூபென். பதினோரு ஆண்டுகள் நான் தேடியது அதில் இருந்தது. அதை எடுத்தது நான்.

ஆனால் அவர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? "தன்னையே எப்படி எடுத்திருக்கா பாரு. அவளால மட்டும்தான் முடியும்."

கினாவிடம் போனேன். படத்தைக் கல்லாவின் மேல் வைத்து, பெயர் சொல்லாமல், யார் எடுத்தது என்று கேட்டேன். அவள் கண் கலங்கிவிட்டது.

"இதையும் கேக்கணுமா, மின்கோ? ருமியானாதான். வேற யாரு?"

இருபத்தைந்தாவது படம். கினா முதல் முறையாகத் தவறு செய்தாள்.

அப்போதும் பொறுத்துக்கொண்டேன். இப்போது, வரும் ஞாயிற்றுக்கிழமை, ஊர் வாசகசாலையில் அவள் எடுத்த படங்களையெல்லாம் மாட்டப்போகிறார்கள். நட்ட நடுவில் இந்தப் படம், கதவளவு உயரத்தில். கீழே ஒட்டப்போகும் சீட்டை நேற்று பார்த்தேன். 'தன்னைத் தானே எடுத்தது' என்று அச்சடித்திருக்கிறார்கள். அது பொய். செத்த பிறகும் ஒருவர் அடுத்தவருடைய வேலையை எடுத்துக்கொள்வது நியாயமா என்று நீங்களே சொல்லுங்கள்.

ஆகவே சான்றுகளைக் கொண்டுவந்திருக்கிறேன். ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

முதலில் கேமரா. இந்தச் சின்ன நெம்புதான் டைமர். அழுத்திப் பாருங்கள். திரும்பி வருகிறதா? வராது. உள்ளே சுருள்வில் உடைந்து நான்கு வருடமாகிறது. கேபிள் இருந்ததால் சரிசெய்யவில்லை. ஆகவே டைமரில் எடுத்த படம் என்று ஒன்று இருக்கவே முடியாது.

இரண்டாவது, படத்தின் துல்லியம். ஒவ்வொரு இமை மயிரும் தனித்தனியாகத் தெரிகிறது. ஒருவர் பின்னால் நகர்ந்துகொண்டே போனால் ஃபோகஸ் போய்விடும். போகவில்லை, ஏனென்றால் முந்தின நாளே நான் தனியாகப் பாறைக்குப் போய், விளிம்பு வரை நூலை இழுத்து அளந்து, ஃபோகஸ் திருகின் மேல் ஒட்டு நாடா போட்டுவிட்டேன். ஸ்டாண்டின் மூன்று கால்களுக்கும் சாக்கட்டி அடையாளம் வைத்தேன். அது எந்தத் தூரம் என்பது அப்போதே எனக்குத் தெரியும்.

மூன்றாவது, நெகடிவ் துண்டு. விளக்கின் முன் பிடியுங்கள். ஆறாவது படத்தை வெட்டாமல் முழுவதும் பாருங்கள். அவள் பூட்ஸ் தெரிகிறது. இரண்டு கால்களும் கல்லின் மேல் தட்டையாக ஊன்றியிருக்கின்றன. குதிகாலுக்குப் பின்னால் ஒரு சாண் பாறை மிச்சம் இருக்கிறது. கால் தவறியவர் நிற்கும் விதம் அல்ல அது. நின்றுவிட்டவர் நிற்கும் விதம்.

ஏழாவது படத்தையும் பாருங்கள். வெறும் பாறை, வெறும் வானம். கைப்பிடியைச் சுற்றிச் சுருளை நகர்த்தினால்தான் அடுத்த படம் விழும். இறந்தவர் சுருளை நகர்த்த மாட்டார். வெளிச்சம் மாறியிருக்கிறதா என்று பார்க்க நான்தான் எடுத்தேன். மாறவில்லை.

நடந்தது இவ்வளவுதான். வளையத்தின் அருகில் அவளை நிறுத்தினேன். கேபிளை மாட்டி, கேமராவின் பக்கத்தில் நின்றேன். ஃபோகஸ் ஏற்கெனவே வைத்திருந்ததால் குனிய வேண்டிய வேலை இல்லை. அவள் அதைக் கவனித்துவிட்டாள்.

"அட! இன்னைக்கு நீ குனியல" என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "பதினோரு வருஷமா உன் வழுக்கையத்தானே எல்லாரும் பாத்துக்கிட்டு இருந்தாங்க."

கொஞ்சம் பின்னால் என்றேன். போனாள். இன்னும் கொஞ்சம் என்றேன். போனாள். மற்றவர்களைப் போலவேதான், திரும்பிப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு போனாள். இன்னும் ஒரே எட்டு என்றேன். அதற்கு அவள் காலைத் தூக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு மெதுவாக நின்றது. அதன் பிறகும் பார்த்தாள். மாட்டேன் என்று சொல்ல நாம் எல்லோரும் தாடையை மேலே தூக்குகிறோமே, அதை ஆரம்பித்தாள். நான் அழுத்தினேன். படத்தில் இருப்பது அதன் பாதி. லியூபென் கம்பீரம் என்கிறான். இல்லை. அவள் என்னிடம் வேண்டாம் என்கிறாள்.

அவள் அந்தக் கடைசி எட்டை எடுத்து வைக்கவே இல்லை. நான் கேபிளைத் தொங்கவிட்டு, அவளிடம் நடந்துபோய், இரண்டு கைகளாலும் நெஞ்சில் தள்ளினேன். பிறகு திரும்பி வந்து சுருளை நகர்த்தினேன். இதை எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். வாசகசாலைக்கும் ஒரு நகல் அனுப்புங்கள், ஞாயிற்றுக்கிழமைக்குள் சீட்டை மாற்ற நேரம் இருக்கிறது.

நான் நோட்டில் எழுதாமல் விட்ட அந்த மூன்று வாக்கியங்களை இப்போது சொல்லிவிடுகிறேன். "நீ ஒளிஞ்சுக்கிற, மின்கோ. நாற்காலியில உக்காந்தாலும் ஒளிஞ்சுக்கிற. யாரு பாக்குறாங்கன்னு தெரிஞ்சாத்தான் முகம் தானா வரும்." அவ்வளவுதான் சொன்னாள். ஆனால் அது அவள் கருத்து மட்டுமே. சோதித்துப் பார்த்தவன் நான். நோட்டின் கடைசிப் பக்கத்தில் விடையை எழுதியிருக்கிறேன், தொழிலில் இருக்கும் யாருக்காவது பயன்படும்.

கேமராவின் பின்னால் குனியாதே. பக்கத்தில் நில். எதிரில் இருப்பவர் உன்னை, நீ யாரோ அப்படியே, முழுவதும் பார்க்கும் வரை காத்திரு. பார்த்ததும் அழுத்து.